ஆறு மணி கழியட்டும்

படத்தில் வந்த மூன்று குதிரைக்காரரையும் ஜெயமலருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மூவரும் தூக்குக்குத் தப்பி ஓடுகிற கொள்ளைக்காரர். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பாலைவனம் தாண்டி ஊர் சேர்க்க, வேறு ஆள் கிடைக்காமல் அவர்களையே கூலிக்குப் பிடித்திருந்தார்கள். வாத்தியாரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"விசரன்! கள்ளரை நம்பிப் போறானே," என்று தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டினாள். திட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அவளுடைய தம்பி வரதராஜாவும் அன்று பின்நேரம் அப்படித்தான் வரப்போகிறான்.

எண்பத்தாறு ஜூலை, ஞாயிற்றுக்கிழமை. டெக்சஸ் எல்லையில், லரேடோவில் ஒரு மோட்டல் அறை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில், ஒரு மலிவு ஹோட்டலில் தம்பி வரதன் இருந்தான். யாழ்ப்பாணத்தில் ராணுவத்தினர் அவனை இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய், உயிரை மட்டும் மிச்சம் வைத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை உடம்பும் கிடைக்காது. அவனை ஆறு கடத்த அவளுடைய கணவர் பேரின்பநாதன் பிடித்த ஆட்கள், மாடு திருடிச் சிறைக்குப் போய்வந்த ராமோனும் அவன் மச்சானும். விசா கேட்டு அலைந்து களைத்த பிறகு, டாலஸில் பாலம் கட்டும் பெரிய என்ஜினியரான அவருக்கு அகப்பட்ட மனிதர்கள் அவர்கள்தான்.

பேரின்பநாதன் இந்தக் கரையில் ஒரு கடைக்குப் பின்னால் காரோடு காத்திருந்தார். அதனால் தொலைபேசி அடித்தபோது அறையில் ஜெயமலர் தனியே இருந்தாள்.

"அக்கா, உங்கட நேரத்துக்கு நாலரைக்கு ஆத்தங்கரையில நிக்கட்டாம். வெளிக்கிடட்டே?"

ஜெயமலர் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, நாலரை முதல் ஆறு. பொழுது படுவதற்கு முந்தின அந்த ஒன்றரை மணித்தியாலம் ராகு காலம். அவள் வீட்டில் அந்த நேரத்தில் உப்பு வாங்கக்கூட ஒருவரும் படி இறங்கியதில்லை. ஆட்களை நம்ப முடியாதவளுக்கு நேரத்தையாவது நம்ப வேண்டியிருந்தது.

"ஐயோ, ராகு காலமடா! ஆறு மணி கழியட்டும். அதுக்கு முந்திப் படி தாண்டாதை."

"அவங்கள் விட்டிட்டுப் போட்டாங்கள் எண்டா?"

"உன்னைக் கொண்டு வந்து தந்தாத்தானே மிச்சக் காசு. நிப்பாங்கள். அக்கா சொல்லுறதைக் கேள்."

"சரியக்கா."

சின்ன வயதிலிருந்தே சொல்வழி கேட்கிற பிள்ளை அவன். கணவர் பக்கத்தில் இருந்திருந்தால் தொலைபேசியைப் பறித்திருப்பார்.

படத்தில் கொள்ளைக்காரர் வாத்தியாரை விட்டுவிட்டு ஓடலாமா என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். ஜெயமலர் கை கூப்பிக்கொண்டு, "விட்டிட்டுப் போகாதையுங்கோ, ராசாக்கள்," என்று கெஞ்சினாள். அவர்கள் விடவில்லை. கடைசியில் வாத்தியார் ஊர் எல்லையில் குதிரையை விட்டு இறங்கினபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல சகுனம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழரை கழிந்து கதவு தட்டப்பட்டது. பேரின்பநாதன் நின்றார். பின்னால் இடுப்புவரை நனைந்தபடி ராமோன். அவன் கையில் வரதனின் நீலப் பை.

"தம்பி எங்கை?"

"மெக்சிகோப் பொலிஸ்காரர் பிடிச்சிட்டாங்கள், மலர். அந்தக் கரையில, தண்ணியில இறங்க முதல். ஊருக்குத் திருப்பி அனுப்பப் போறாங்களாம்."

"இவன்தான் காட்டிக் குடுத்தவன்! கள்ளன்!" அவள் பாய்ந்து ராமோனின் சட்டையைப் பிடித்தாள். அவன் கையைத் தட்டிவிடவில்லை.

"விடும்! நாலரைக்குக் காவல்காரர் மாறுற நேரம். கரையில ஒரு காகமும் நிக்காது. அதுக்குத்தான் அந்த நேரம் வைச்சது. தம்பி ஏழு மணிக்குத்தான் வந்தவன்; அதுமட்டும் இவங்கள் ரெண்டரை மணித்தியாலம் ஆத்தங்கரைப் பத்தைக்குள்ள ஒளிச்சுக் கிடந்திருக்கிறாங்கள். இவன்ர மச்சானும் பிடிபட்டுப் போனான்."

"எனக்கு ஏன் இதைச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயப்பிடுவீர் எண்டுதான்."

ராமோன் பையைக் கட்டிலில் வைத்தான். அவளைப் பார்த்து ஸ்பானிஷில் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?"

"தம்பி ஏன் பிந்தினவன் எண்டு கேக்கிறான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கார்களின் மேல் வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பொழுது எட்டரைக்குத்தான் படும். ஆறு மணிக்கு இருட்டுகிற யாழ்ப்பாணத்துக்குப் பார்த்த ராகு காலத்தை அவள் டெக்சஸில் வைத்துச் சொல்லியிருந்தாள். பொழுது படுவதற்கு முந்தின ஒன்றரை மணித்தியாலம் இங்கே ஏழு மணிக்குத்தான் தொடங்கும். தம்பியை நல்ல நேரத்தில் பூட்டி வைத்து, ராகு காலத்தில் ஆற்றங்கரைக்கு அனுப்பியவள் அவளேதான்.

"நான்தான் பிந்தி வெளிக்கிடச் சொன்னனான்," என்றாள்.

ராமோன் பதிலுக்குக் காத்து நின்றான். அதை ஸ்பானிஷில் சொல்லப் பேரின்பநாதனுக்கு வாய் வரவில்லை.