சிநேகாவின் நிறம்

என் கண்ணைக் குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். கேளம்பாக்கத்தில் ஜெயக்குமார் அண்ணன் நடத்தும் ஸ்டூடியோவில் பதினோரு வருஷமாகக் கல்யாண ஆல்பங்களுக்குக் கலர் பார்ப்பது நான்தான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எத்தனை ரிசார்ட் கல்யாணம் இந்தக் கண் வழியாகப் போயிருக்கிறது! அப்படிப்பட்ட என்னிடம் அன்றைக்குக் காலையில் அண்ணன் கேட்டார்:

"இன்னா பிரிசில்லா இது? கண்ணுல பவர் ஏறிப்போச்சா உனக்கு?"

மேஜைமேல் சாம்பிள் பிரிண்டைப் போட்டார். பார்த்ததும் எனக்கே பகீரென்றது. மணப்பெண் சிநேகாவின் வாடாமல்லிப் பட்டுப்புடவை கட்சி பேனர் மாதிரி கத்தியது. அவள் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் பல்கூட மஞ்சள்.

"நான் பாக்கசொல்ல சரியாத்தாண்ணா இருந்துச்சி."

"சரியா இருந்தா லேப்காரன் இன்னாத்துக்கு போன் பண்ணி சிரிக்கிறான்? வுடு. மெட்ராஸ்ல கலர் பாக்கறதுக்கு ஒரு ஏஜென்சி கீது, அவங்கிட்ட குடுத்துடறேன். பையனோட அம்மா வேற அச்சரப்பாக்கத்துலேர்ந்து ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டாங்க, பொண்ண கொஞ்சம் வெளுப்பா போடணுமாம். அவன் ஒரே க்ளிக்குல வெளுத்துடுவான்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சிநேகா நல்ல கறுப்பு, என் நிறம். ஆர்டர் கொடுக்க வந்த அன்று அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, என்ன வெள்ளையாக்கிடாதீங்க." பைபிள்மேல் கை வைக்காத குறையாக வாக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன். ஏனென்றால் என் கல்யாண ஆல்பத்தில் ஒருத்தி இருக்கிறாள், பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்தவள் மாதிரி. என் மகள் மூன்று வயதில் அதைத் திறந்து, "இது யாரும்மா? அப்பா கல்யாணத்துக்கு நீ போவலியா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த ஆல்பத்தை நான் தொடவில்லை.

"நாலு மணிக்கு சிநேகா ஓகே சொல்ல வர்றா. அதுவரைக்கும் குடுங்கண்ணா. அப்பவும் சரியில்லன்னா மெட்ராஸுக்கே அனுப்புங்க. நானும் நாளைலேர்ந்து வேலைக்கு வரல."

வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் போன வாரம் ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட புது எச்.டி.ஆர். மானிட்டர். வெளிச்சமும் இருட்டும் நேரில் பார்ப்பதுபோலத் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அதில் எல்லாப் படமும் பத்துத் தடவை துவைத்த துணியாக வெளிறித் தெரிந்தது. போட்டோக்காரர் எடுத்த லட்சணம் என்று நினைத்து மூன்று நாளாக நான் கலரை ஏற்று ஏற்று என்று ஏற்றியிருந்தேன். அதுதான் பிரிண்டில் வந்து பல்லிளித்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டெய்லர் வெட்டிய ஜாக்கெட் பிட்டில் மிச்சமான துணி ஒரு துண்டைப் பெண்வீட்டாரிடம் கேட்டு வாங்கி ஆல்பம் உறைக்குள் வைத்துக்கொள்வோம். புடவைக் கலர் மாறினால் அவர்கள் சும்மா விடுவார்களா? ஆனால் புது மானிட்டர் வந்த மிதப்பில் அந்த உறையை நான் திறக்கவே இல்லை. இவ்வளவு பெரிய திரை பொய் சொல்லாது என்று நம்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான், மறைப்பானேன்?

கை வைக்காத அசல் படத்தைத் திறந்து, துணியைத் திரையோரம் பிடித்தேன். துணி வாடாமல்லி, திரையில் செத்துப்போன ரோஸ். அதே படத்தைப் போனுக்கு அனுப்பி, துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல் வாடாமல்லி. அடப்பாவி! படமும் சரி, என் கண்ணும் சரி, மானிட்டர்தான் ஏமாற்றியிருக்கிறது.

டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தேன். எச்.டி.ஆர். ஆனில் இருந்தது. "அதுக்குத்தானே வாங்கினோம்" என்று முதல் நாளே அண்ணன் போட்டுவிட்ட வேலை. எச்.டி.ஆரில் எடுத்த படத்துக்கு அது சரி. எங்கள் கல்யாணப் படங்கள் சாதாரணப் படங்கள். அவ்வளவு பெரிய வெளிச்சக் கணக்குக்குள் இதை வைத்தால், அண்டாவில் ஒரு டம்ளர் ரசம் ஊற்றின கதைதான். ஆஃப் செய்தேன். திரை ஒரு நொடி இருண்டு திரும்பி வந்தது. புடவைக்கு உயிர் வந்துவிட்டது.

ஆனால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு இன்னும் சாம்பலாக இருந்தது. சிநேகாவின் கூந்தலும் அப்படியே. மணி ஒன்றரை.

"சர்வீஸ் ஆள கூப்டவா?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"பேஜாரு பண்ணாம போய் சாப்டுங்கண்ணா!"

கிராபிக்ஸ் செட்டிங்கில் ஒவ்வொரு பக்கமாகத் துழாவினேன். கடைசியில் மாட்டியது. அவுட்புட் ரேஞ்ச் என்ற இடத்தில் 'லிமிடெட்' என்று இருந்தது. மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கறுப்பைக் கொஞ்சம் வெளுத்தே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 'ஃபுல்' என்று மாற்றினேன்.

கறுப்பு கறுப்பாக வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில், சாயங்கால வெயில் கன்னத்தில் பட, சிநேகா நின்றாள். கறுப்பு மின்னியது. "அப்படிப் போடு!" என்று கத்தியே விட்டேன். மூன்று நாள் வேலையை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்து, அசலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். நாலு மணிக்குள் பன்னிரண்டு பக்கம் முடிந்தது. அட்டைப்படத்தைக் கடை பிரிண்டரில் எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். அவர் துணியைப் புடவைமேல் வைத்துப் பார்த்தார். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது.

"காலைல சொன்னத மனசுல வெச்சிக்காதம்மா."

"வெச்சிக்குவேன்" என்றேன்.

சிநேகா நாவலூர் ஆபீஸிலிருந்து நேராக வந்தாள். கூடவே மாமியார் சரோஜாவும். சரோஜாம்மா பிரிண்டைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது.

"வெளுப்பா போடச் சொன்னேனே?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகா பேசிவிட்டாள்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன் அத்தே. உங்க புள்ள கட்டிகினது படத்துல இருக்கற இவளத்தான்."

சரோஜாம்மா மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இன்னாடி வந்துது? ஊர்ல நாலு பேரு ஆல்பத்தப் பாத்துட்டு உன்ன ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதேன்னுதான் சொன்னேன்."

"சொல்லட்டும் அத்தே. நான் பதில் சொல்லிக்கிறேன்."

சரோஜாம்மா மறுபடியும் படத்தைப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இவ இன்னாத்துக்கு பதில் சொல்லணும்? என் வூட்டு வாசப்படி ஏறி எவ கேக்கறான்னு நானே பாத்துக்கறேன். ஹால்ல மாட்டறதுக்கு இதே மாதிரி ஒண்ணு போடும்மா. உள்ள வர்றவங்க கண்ணுல மொதல்ல இதுதான் படணும்."

"இன்னா சைஸுமா?" என்றார் அண்ணன்.

சரோஜாம்மா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய பிரேம் எங்கள் கடையிலேயே கிடையாது.

"செஞ்சிடலாம்மா" என்று அண்ணனுக்கு முன்னால் நான் சொன்னேன்.