ரோவீனாவின் டிரெய்லரும் வெண்டெலின் நீல வண்டியும்

என் தம்பி வெண்டெல் வாழ்நாளெல்லாம் இன்ஷூரன்ஸ் விற்றவன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்கு முன் அவன் கண் கூரைக்குப் போய்விடும். "அந்தப் புகைபோக்கிய ஒரு தடவ பாத்துருங்க" என்பான். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களை மறித்து, பனிக்கட்டி எத்தனை கனம் என்று விசாரிப்பான். இப்படி ஊருக்கெல்லாம் பயத்தைப் பங்கிட்டுக் கொடுத்தவன், தனக்கென்று ஒரு துளிகூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவன் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்றதும் ஒரு நீல பிக்கப் வாங்கினான், பின்னால் சுமை ஏற்றத் திறந்த தட்டு வைத்த வண்டி. வடக்கு டகோட்டாவில் பிக்கப் இல்லாத வீடு கிடையாது. ஆனால் இவன் அதைத் துடைத்த மாதிரி யாரும் துடைத்ததில்லை. சர்ச் வாசலில் இரண்டு இடத்துக்கு நடுவே நிறுத்துவான். பக்கத்து வண்டிக்காரன் கதவைத் திறந்து இடித்துவிடக் கூடாதாம்.

"எங்க உன் புருஷன்?" என்று நான் கேட்டால் ரோவீனா வாசல் பக்கம் தலையை ஆட்டுவாள். "சின்ன வீட்டுல இருக்கான்."

ரோவீனா என் தம்பி மனைவி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். கோதுமை விவசாயி மகள். பதினாறு வயதில் அப்பாவின் தானிய லாரியை ஓட்டியவள், ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அவள் ஜனவரியில் ஒருநாள் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அறிவித்தாள்.

"அடுத்த பனிக்காலம் நான் அரிசோனா வெயில்ல. நீ வர்றதுன்னா வா."

"எங்க தங்குவ?"

"டிரெய்லர்ல. ஃபிஃப்த் வீல்."

சாதாரண டிரெய்லர் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஃபிஃப்த் வீல் அப்படியில்லை. வண்டியின் பின்தட்டில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வரும். உள்ளே மாடிப்படி, படுக்கையறை எல்லாம் இருக்கும். கிட்டத்தட்ட வீடுதான். வெண்டெலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எந்த டிரெய்லர் என்று முடிவாகும் முன்பே நீல வண்டியின் பின்தட்டில் அதைப் பூட்டும் கொக்கியை மாட்டிவிட்டு வந்து நின்றான்.

"குழந்தை பொறக்கும் முன்னாலயே தொட்டில் வாங்கிட்டியேடா, எத்தனை குழந்தைன்னு தெரியுமா?" என்றேன்.

"எத்தனையா இருந்தாலும் இது இழுக்கும், ஆர்டிஸ்" என்றான். என்னை அக்கா என்று கூப்பிட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

பனி உருகிய பிறகு மூவரும் மைனாட் நகரத்து டிரெய்லர் கடைக்குப் போனோம். என்னை அழைத்தது நியாயம் சொல்வதற்காக என்றார்கள். வழக்கமாக அவர்கள் சண்டையில் நடுவே நின்று அடிவாங்க ஒரு ஆள் வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரோவீனா இரண்டு டிரெய்லர்களுக்குள் ஏறி இறங்கினாள். மூன்றாவதில் ஏறியவள் இறங்கவில்லை. நடுவே தனியாக நிற்கும் சமையல் மேடை, சுவரில் மின்சாரக் கணப்பு, எதிரெதிராக இரண்டு சோபா. பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர்கள் வெளியே நகர்ந்து இடம் இரட்டிப்பானது. ரோவீனா சமையல் மேடையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெண்டெல் படுக்கை மெத்தையைச் சோதிக்கிறேன் என்று மேலே போனவன், நாங்கள் அலமாரி எல்லாம் திறந்து பார்த்து முடிப்பதற்குள் குறட்டை விட்டான்.

விற்பனை செய்யும் பையன் ரொம்ப மரியாதைக்காரன். "உங்க வண்டி இத தாராளமா இழுக்கும் மேடம்" என்றான்.

"இழுக்குறத யாரு கேட்டா? தாங்குமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"மாடு வண்டிய இழுக்கும். அதுக்காக வண்டிய அது முதுகுல ஏத்துவியா?"

பையன் ஒரு காகிதத்தைக் காட்டி எடை சொன்னான். ரோவீனா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது காலி எடை. தண்ணி, கேஸ், துணிமணி, என் இரும்பு வாணலி எல்லாம் எங்க?"

அவன் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். வெண்டெலை எழுப்பி ஊருக்குக் கூட்டிவந்தோம்.

வரும் வழியிலேயே ரோவீனா வண்டியை தானியக் கிடங்குக்கு விடச் சொன்னாள். லாரிகளை எடை போடும் மேடை அங்கே இருக்கிறது. கண்ணாடி அறைக்குள் இருந்து எடை போடும் கேலன், லாரிக்காரர்களுக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில்தான் பேசுவான். அன்றும் அதில்தான் பேசினான்.

"வெண்டெல், வண்டில ஆளோட ஒரு எடை போட்டாச்சு. இப்ப மூணு பேரும் எறங்குங்க, வெறும் வண்டிய பாப்போம்."

இறங்கினோம். பின்னால் நாலைந்து லாரிகள் வரிசையில் காத்திருந்தன.

"ஆள் எடை மட்டும் அறுநூத்தி இருபது பவுண்டு!" என்று ஊருக்கே கேட்டது. "ஈஸ்டர் விருந்து நல்லா நடந்துருக்கு போல!"

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "நான் கனமான கோட்டு போட்டுருக்கேன்!" என்று ரோவீனா கத்தினாள். நான் கைப்பையைத் தூக்கிக் காட்டினேன். வெண்டெல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

ஓட்டுநர் கதவை ஒட்டி ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். அதில் எங்கள் மூவரையும், அந்தக் கொக்கியையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம். அந்த டிரெய்லர் கழுத்தைச் சாய்த்தால் இறங்கும் பாரம் அதைப்போல இரண்டு மடங்கு.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் வக்கீலுக்குப் பயந்து எழுதுறது" என்றான் வெண்டெல்.

"இன்ஷூரன்ஸ்காரன் பேசுற பேச்சாடா இது?" என்றேன்.

"ஓய்வு வாங்கிட்டேன்ல."

அவன் நிரூபித்துக் காட்டுவதாகக் கிளம்பினான். பக்கத்துப் பண்ணை கிளேட்டனிடம் ரோவீனா ஆசைப்பட்ட அதே அளவில் ஒரு ஃபிஃப்த் வீல் இருந்தது. அதை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டான். கிளேட்டன், "எதுக்கும் மெதுவா" என்று மட்டும் சொல்லிப் பூட்டிக் கொடுத்தான்.

டிரெய்லரின் கழுத்து இறங்கியதும் நீல வண்டியின் பின்பக்கம் நாய் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. முன்விளக்கு இரண்டும் மேகத்தைப் பார்த்தன. கடைத்தெரு வழியாக மூவரும் போனபோது காப்பிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், சவ ஊர்வலத்துக்கு வைப்பதுபோல.

நெடுஞ்சாலைக்கு வந்தோம். எங்கள் பக்கம் காற்றைத் தடுக்க மரம் கிடையாது, குன்றும் கிடையாது. எதிரே ஒரு தானிய லாரி வேகமாகக் கடந்துபோனது. அது தள்ளிவிட்ட காற்றில் டிரெய்லர் ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, எங்கள் வண்டியையும் சேர்த்து ஆட்டியது. வெண்டெல் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன போலிருக்கிறது. பின்சீட்டில் நான் அறிந்த பிரார்த்தனை எல்லாம் ஒன்றாய்க் கலந்து வந்தது. சாலையின் விளிம்பு வரை போய், எப்படியோ வேகம் தணிந்து, ஓரத்துச் சரளையில் நின்றோம்.

வெண்டெலின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. அவன் காதுமடல் வெளுத்திருந்தது. அவனை அப்படி நான் பார்த்தது எங்கள் அப்பா இறந்த அன்று ஒருதடவைதான்.

கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் ரோவீனாவுக்குக் கிடைத்திருக்காது. அவள் செய்யவில்லை. அவன் முழங்கையைத் தொட்டு, "நான் ஓட்டவா?" என்று மட்டும் கேட்டாள். அவன் இறங்கி இடம் மாறினான். அவள் மாட்டுவண்டி வேகத்தில் கிளேட்டன் பண்ணை வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மறுநாள் அவனே வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். "ஆர்டிஸ், வண்டிய மாத்திர்றேன். அவ அந்தச் சமையல் மேடைய எப்படித் தடவுனான்னு பாத்தேல்ல?"

அவன் போன கொஞ்ச நேரத்தில் ரோவீனா வந்தாள். "சின்ன டிரெய்லரே போதும்னு சொல்லப்போறேன். அந்த வண்டிய வித்தா அவன் ஏங்கிப்போயிருவான்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. இருவரும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். லூத்தரன் சர்ச் விருந்தில் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்காமல் எல்லாரும் பாதியாக வெட்டி வெட்டி, கடைசியில் ஒரு துகள் மிஞ்சுமே, அந்த மாதிரி. "உன் மேடை முக்கியம்." "இல்ல இல்ல, உன் வண்டி." "எனக்கு வண்டி ஒண்ணும் பெருசில்ல." "எனக்கும் மேடை ஒண்ணும் பெருசில்ல." வசந்தம் முடிந்து கோடை வந்தும் முடிவு வரவில்லை. கடைசியில் நான்தான் கத்தினேன். "ரெண்டு பேரும் இப்படியே அன்பா இருந்தீங்கன்னா பனிக்காலத்துல மறுபடி அதே படியிலதான் விழணும்!"

மறுபடி மைனாட் போனோம். ரோவீனா கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று அந்தப் பெரிய டிரெய்லருக்குள் ஏறினாள். பிறகு அந்தப் பையனிடம், "சுவரையெல்லாம் உள்ள இழு. ரோட்டுல போறப்ப எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள். சுவர்கள் உள்ளே நகர்ந்தன. ஆசைப்பட்ட சமையல் மேடை ஒரு சோபாவோடு ஒட்டிக்கொண்டது. குளிர்பெட்டி கதவு திறக்கவில்லை. கழிவறைக்குப் போகும் வழி அடைத்துக்கொண்டது.

வெண்டெல் வழியில் இரண்டு கோப்பை காப்பி குடித்திருந்தான். அவன் வயதில் அதற்கு விளைவு உண்டு. சோபாவுக்கும் மேடைக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து பார்த்தான். பாதியில் மாட்டிக்கொண்டான்.

"இப்ப என்ன செய்றது?" என்றான், தலை மட்டும் எங்கள் பக்கம் தெரிய.

"அரிசோனா வரைக்கும் அடக்கிக்கோ" என்றாள் ரோவீனா.

பையன் சுவரை மறுபடி வெளியே தள்ளி அவனை விடுவித்தான். வெண்டெல் கடையின் கழிவறைக்கு ஓடிய வேகத்தைப் பார்த்தபோதே அந்த டிரெய்லரின் கதை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ரோவீனா நேராக அடுத்த வரிசைக்குப் போய், சுவரை மூடினாலும் கழிவறைக்கும் குளிர்பெட்டிக்கும் வழி இருக்கும் ஒன்றைத் தேடினாள். கிடைத்தது. ஒரே சோபா, ஜன்னலோரம் சமையல் மேடை. தன் வாணலியை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதை அடுப்பில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

"இது போதும்" என்றாள். விட்டுக்கொடுக்கும் குரல் இல்லை அது. எனக்கு அந்தக் குரல் தெரியும்.

இந்தமுறை கணக்கு போட்டது வெண்டெல். டிரெய்லர் எவ்வளவு சுமை ஏற்றலாமோ அந்த முழு எடையை எடுத்துக்கொண்டான், அதில் ஐந்தில் ஒரு பங்கு கழுத்து வழியாக வண்டி மேல் இறங்கும் என்று வைத்துக்கொண்டான், எங்கள் மூவரையும் கோட்டோடு சேர்த்துக்கொண்டான். சின்ன டிரெய்லருக்கும் நீல வண்டி போதவில்லை. அவன் நிமிர்ந்து, வாசலில் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என் வாடிக்கையாளர் எவனாவது இதுல போறேன்னு வந்தா நான் கையெழுத்து போட்டுருக்க மாட்டேன்" என்றான்.

ஆகஸ்டில் 'ஒரு-டன்' என்று சொல்லும், இன்னும் கனமான சுமை தாங்கும் பிக்கப் வாங்கினார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு நிறம். அதைத் துடைக்க வெண்டெலுக்கு மனசே வரவில்லை. ரோவீனா ஓட்டிப் பார்க்க ஏறியவள், கூடவே வாங்கிய சின்ன டிரெய்லரைப் பூட்டி ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். பின்பக்கம் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் தாழ்ந்தது, அவ்வளவுதான். சாவியை அவள் பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை. நீல வண்டியை எங்கள் இளம் போதகர் வாங்கினார். அவர் அதைக் கழுவுவதே இல்லை. பிரசங்க நேரத்தில் வெண்டெல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துப் பெருமூச்சு விடுவான். புதிதாக வந்தவர்கள் பிரசங்கத்தில் உருகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அக்டோபரில் கிளம்பினோம். முதல் பயணத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் விமானத்தில் திரும்புவதாகப் பேச்சு. வையோமிங்கில் காற்று எங்கள் ஊர்க் காற்றையே வெட்கப்பட வைக்கும். டிரெய்லர் அசைந்தது, ஆனால் வண்டி சாலையை விடவில்லை. வெண்டெல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி டயர், கொக்கி, சங்கிலி எல்லாம் தொட்டுப் பார்த்தான். நடுவழியில் ஒருதடவை சுவரைத் திறக்காமலே கழிவறைக்குப் போய்வந்து, ஏதோ மலையேறியவன் மாதிரி எங்களைப் பார்த்தான்.

அரிசோனாவில் நாங்கள் பதிவு செய்திருந்த டிரெய்லர் முகாமுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வழக்கம். புதிதாக யாராவது வந்து டிரெய்லரைத் தன் இடத்துக்குள் பின்னோக்கி விடும்போது, ஏற்கெனவே வந்தவர்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது எதிலாவது இடித்தால் பார்க்கலாமே, வேறு பொழுதுபோக்கு இல்லை. எங்களுக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. அயோவாக்காரர் ஒருவர் கையில் பாப்கார்ன்கூட இருந்தது.

நானும் வெண்டெலும் இறங்கினோம். அவன் டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றான். வலது கையை வீசினான், இடது கையை வீசினான், இரண்டையும் தூக்கினான். விமானம் இறக்குகிறவன் மாதிரி இருந்தது. ரோவீனா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியில் ஒரு கண், ஜன்னலில் ஒரு கண். ஒரே மூச்சில் டிரெய்லரை எங்கள் இடத்தின் இரண்டு ஓரமும் நின்ற மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் தட்டினார்கள்.

வெண்டெல் தொப்பியைக் கழற்றி அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னான்.

ரோவீனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஆர்டிஸ், அவனுக்குத்தான் கை தட்டுறாங்கன்னு நெனச்சிட்டு இருக்கானா?"

"ஆமா."

"விட்டுரு, சந்தோஷமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வாணலியை எடுக்க இறங்கினாள்.