ஈரத்தில் இறுகிய கல்

கொத்தனார் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறவர். இடித்ததில் வரும் ஓடு, பீங்கான், கான்கிரீட் துண்டு எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொட்டிவிடுவார். "இனிமே அதை நம்ம கொட்டகைக்கு அனுப்புங்க. நான் கல்லாக்கித் தரேன்," என்று அவர் மனைவி சொன்னபோது அவருக்குப் புரையேறிவிட்டது.

"சூளைக்கு எங்க போவ?"

"சூளையே வேணாம். பொடிச்சு, நிலக்கரிச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து அழுத்தினா போதும். ஒரு குச்சி விறகு வேணாம்."

"அப்போ அது கல்லு இல்ல, மண்ணுருண்டை."

அவள் செங்கல் சூளையில் எட்டு வருடம் கல் சுமந்தவள். அந்த அனலும் புகையும் போதும் போதுமென்று ஆகியிருந்தது. நாத்தனாரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். பழைய கை இயந்திரம் ஒன்று கிடைத்தது. அதன் பிடியில் இரண்டு பேரும் தொங்கினால்தான் ஒரு கல் அழுந்தும். முதல் வாரம் இருநூறு கல். நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் பரப்பினார்கள்.

பத்தாம் நாள் கொத்தனார் வந்து ஒரு கல்லின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. கேலிகூடச் செய்யாமல் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள், உதிர்ந்ததை மறுபடி பொடிக்க அள்ளிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தினாள். "அண்ணி, இங்க வாங்க! இது உடைய மாட்டேங்குது."

வெளியே இடமில்லாமல் கொட்டகை மூலையில் அடுக்கியிருந்த பன்னிரண்டு கற்கள் அவை. பக்கத்துக் குழாய் நாள் முழுக்கச் சொட்டியதில் நனைந்தே கிடந்தன. அவள் சுத்தியலால் ஓங்கித் தட்டினாள். மேலே ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான்.

"காய வச்சதுதான் தப்பு," என்றாள். "சுண்ணாம்பு பிடிக்க ஈரம் வேணும். நாமதான் அதைப் பட்டினி போட்டுட்டோம்."

"குழாயைச் சரி பண்ணுங்கன்னு மூணு மாசமா அண்ணன்கிட்ட சொல்றேன். நல்லவேளை, அவரு சோம்பேறி!"

அடுத்த முறை நிழலில் அடுக்கி, ஈரச்சாக்குப் போர்த்தி, நான்கு வாரம் மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தார்கள். கொத்தனார் ஒரு கல்லைத் தோளுயரத்திலிருந்து கீழே போட்டார். தரைதான் பெயர்ந்தது. இன்னொன்றை எடுத்துப் போட்டார். ஐந்தாவது கல்லுக்குப் பிறகு, "எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

முதலில் சொந்த வீட்டுக் குளியலறைச் சுவரை எழுப்பினார். ஒரு மழைக்காலம் முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வெளிவேலைக்குக் கல் கேட்டார்.

முதல் வண்டிக் கல்லை இறக்கும்போது அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுடாத கல்லா? தாங்குமா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க?" என்று கொத்தனார் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் நெருப்புல போடணுமா என்ன? இதுக்கு ஈரம்தான் முக்கியம் சார், ஈரம்! வெயில்ல காய வச்சா கெட்டுது."

நாத்தனார் அவள் விலாவில் இடித்தாள். "கேட்டீங்களா அண்ணி? என்னமோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி!"

"பேசட்டும் விடு. நாம சொல்லியிருந்தா அந்த வீட்டு ஆளு நம்ப அரை நாள் ஆகியிருக்கும்."

இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. ஆனாலும் அடுத்த கல்லைக் கைமாற்றும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.