சாவி விழுந்தால் கணக்கில் இல்லை

அங்கிருந்தவர்கள்: ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவள். அந்த உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தும் அவள் தங்கை. எண்ணித் தருகிறேன் என்று வந்து பெஞ்சில் படுத்துவிட்ட அக்காவின் கணவன். இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டும் கம்பியான ஒரு பார்பெல். யாரும் கூப்பிடாமல், இதை எழுதும் நான்.

1

ஒரு கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளிலிருந்து எடுத்த கதை இது. தலைப்பில் இருப்பதுதான் அந்த வரி. குனிந்து நின்று பார்பெல்லை வயிற்றுக்கு இழுப்பவரின் இடுப்புக்கு மேல், முதுகில் கதவுச் சாவியை வைப்பார்கள். முதுகு அசையாவிட்டால் சாவி இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் விழும்.

2

கண்ணாடிக் கதவில் மதிய வெயில்

(வேண்டாம். அவள் வெயிலைப் பார்க்கவே இல்லை.)

எட்டு மாதங்களுக்கு முன் மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியை இறக்கும்போது அவள் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை. திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சருக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கை சொல்லவில்லை.

"சாவி விழாம அஞ்சு இழு. விழுந்துச்சுன்னா போனையே எடுத்துக்கிட்டு இரு."

"சரிடி. டாக்டர் என் முதுகை ரெண்டு நிமிஷம்தான் பாத்தாரு. நீ எட்டு மாசமா பாக்கறே."

3

கதை எடுப்பாக இருக்கட்டும் என்று அறுபது கிலோ மாட்டினேன். அவள் தட்டுகளைக் கழற்றி நாற்பதாக்கினாள். ஸ்ட்ரெச்சரில் அவள் பங்குக்கு வருவது நாற்பதுதான்.

பாதங்கள் இடுப்பகலத்தில். முழங்கால் கொஞ்சம் மடங்கியது. புட்டம் பின்னால் போக, உடல் இடுப்பில் மடிந்தது. முதுகு பலகை. தங்கை கூடத்தின் கதவுச் சாவியை அதன்மேல் வைத்தாள்.

"கையால இழுக்காதக்கா. முழங்கையைப் பின்னாடி கொண்டு போ. தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பாக்காத, அழகாத்தான் இருக்க."

"அதை நான்ல சொல்லணும்?" என்றான் கணவன்.

"மாமா, நீங்க எண்ணுங்க."

தொப்புள்வரை இழுப்பு. ஒரு நொடி நிறுத்தம். இழுத்ததைவிட மெதுவாக இறக்கம். மூன்று முடிந்தது. நான்காவதில் குதிகால்கள் லேசாக எழும்பின. சாவி ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அஞ்சு! அவ்ளோதான், வெச்சிடு."

தங்கையின் கண் சாவியிலேயே இருந்தது.

"நாலு," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

4

ஐந்தாவதுக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். சாவி இருந்தது என்பது ஒன்று. அதை எழுதினால் நானும் பெஞ்சில் உட்கார்ந்து பொய்யாக எண்ணுகிறவன். விழுந்தது என்பது இன்னொன்று. அதை எழுதினால்...

அடித்துவிட்டேன். இரண்டையும்.

நடந்தது இவ்வளவு. அவள் குதிகால்களைத் தரையில் அழுத்தினாள். மூச்சை வயிற்றில் இறுக்கினாள். முழங்கைகள் பின்னால் போயின. கம்பி வயிற்றைத் தொட்டது. ஒரு நொடி. இறக்கினாள். முதுகெல்லாம் வியர்வை, சாவி இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே ரப்பர் விரிப்பு. விழுந்திருந்தாலும் சத்தம் வராது. தங்கை குனிந்து சாவியை எடுத்தாள்.

அக்காவின் முதுகிலிருந்தா, தரையிலிருந்தா? நீங்களும் எண்ணிக்கொண்டுதானே இருந்தீர்கள். பாசம் பார்க்காமல் சொல்லுங்கள்.

விளக்குகள் அணைந்தன. கடைசியாக வெளியே வந்தவள் அவள்தான். யாரும் சொல்லாமலே நிமிர்ந்து நடந்தாள். அவள் வந்ததும், வாசலில் நின்றிருந்த தங்கை கதவை இழுத்துச் சாத்தி, அதே சாவியால் இரண்டு சுற்றுப் பூட்டினாள்.