எந்தக் கைக்கு?

"வலக்கையா, இடக்கையா?" என்று கடைக்காரர் கேட்டதும் றெஜினோல்ட் முழித்தான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்கு, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ரயிலேறிய நேரத்திலிருந்து வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அந்த வெள்ளைக்காரர் அதைக் கேட்கவேயில்லை. என்ன பிஸ்டல் என்று மட்டும் கேட்டார். தம்பி தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லித் தந்த பெயரை இவன் ஒப்புவித்தான். கழகங்களுக்குப் போய்க் காகித வட்டங்களைப் பார்த்துச் சுடுகிறவர்கள் வந்துபோகும் கடை அது. துப்பாக்கிக்குத்தான் பொலிஸ் அனுமதி வேண்டும், அதை வைக்கும் உறைக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொன்னபோது, இவ்வளவு லேசான காரியத்துக்கா சோறு இறங்காமல் கிடந்தோம் என்று றெஜினோல்ட்டுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தம்பி கிறிஸ்துநாயகம் மன்னாரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் பங்கிடுகிற பதவி. சண்டை நடக்கிற ஊரில் அரிசி பங்கிடுகிறவனை எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் அவன்மேல் ஒரு கோபமும் இருக்கும். ஒருநாள் சந்தையில் வைத்து, முகம் தெரியாத ஒருவன் அவனை உரசிக்கொண்டு வந்து, உயிர் வேண்டுமென்றால் பதவியை விடு என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எந்தப் பக்கத்து ஆள் என்று தம்பிக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் தொலைபேசியில் சொல்லமாட்டான். பதவியை விடவும் மாட்டேன் என்றான். அரசாங்கம் இரங்கி, தற்பாதுகாப்புக்கென்று ஒரு பிஸ்டலைக் கொடுத்து, அரைநாள் சுடப் பழக்கி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தது. உறை மட்டும் கொடுக்கவில்லை. அவன் அதைப் பேக்கரியில் பாண் வாங்கப் போகும் பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறானாம். சங்கத்து வேலையாக இந்த வாரம் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் நின்றவன், அங்கிருந்து போன் எடுத்து இதையெல்லாம் சொன்னான்.

"விலைகூடினது வேண்டாம் அண்ணை. பெல்ட்டில கோக்கிறதும் வேண்டாம். பாடில் எண்டு ஒண்டு இருக்காம், அதைப் பாருங்கோ. கோயிலுக்குப் போகேக்க வாசல்ல கழட்டிக் குடுக்கவேணும். சனத்துக்கு முன்னால பெல்ட்டை அவிட்டுக்கொண்டு நிக்க ஏலுமே?"

தம்பியின் மேலதிகாரி ஒருவர் ஏதோ பயிற்சிக்கு லண்டன் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். அரசாங்கக் கடிதம் கையில் இருப்பதால் அவர் கொண்டுபோனால் விமான நிலையத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குள் வாங்கியாக வேண்டும் என்பதால்தான் றெஜினோல்ட் பெற்றோல் நிலையத்து ஷிப்டை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தான்.

பாடில் என்பது பெரிய வித்தையில்லை. உறையின் முதுகில் துடுப்பின் அலகு போல அகலமான ஒரு தகடு இருக்கும். அதைக் காற்சட்டையின் இடுப்புக்குள் செருகினால் உறை வெளியே நிற்கும்; வேண்டாதபோது பெல்ட்டைத் தொடாமலே உருவி எடுத்துவிடலாம். கடைக்காரர் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் பரப்பினார். தோலில் செய்த ஒன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. விலையைக் கேட்டதும் றெஜினோல்ட் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நைலோன் மலிவுதான், ஆனால் பிஸ்டலை எடுத்தவுடன் அதன் வாய் சப்பிப்போய் மூடிக்கொள்ளும், திரும்ப வைப்பதற்கு இரண்டு கையும் வேண்டும் என்றார் அவர். மூன்றாவது கறுப்புப் பிளாஸ்ரிக். வாய் சப்பாது, விலையும் கட்டுப்படியாகும், தகட்டின் ஓரத்தில் சின்னக் கொளுக்கி ஒன்றும் இருந்தது. மலிவானதில் அந்தக் கொளுக்கி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டுமாம். இல்லையென்றால் அவசரத்தில் பிஸ்டலை இழுக்கும்போது உறையும் சேர்ந்து கையோடு வந்துவிடுமாம்.

போட்டுப் பார்க்கச் சொன்னார். றெஜினோல்ட் வயிற்றை எக்கி அதைச் செருகிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். நாள் முழுக்கப் பெற்றோல் நிலையத்துக் கூண்டுக்குள் இருந்து சில்லறை கொடுத்துத் தொந்தி போட்ட ஒரு மனிதன், இடுப்பில் ஒரு கறுப்பு வீக்கத்தோடு, யாரோ அடிக்க வருகிறமாதிரி நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு வந்தது. இதே வீக்கத்தோடு தம்பி சந்தைக்கு நடுவே நடக்கப்போகிறான் என்று நினைத்தவுடன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சரி, இதையே எடுக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில்தான் கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இது வலக்கைக்காரருக்கு உள்ளது. இடக்கைக்கு என்றால் வேறு அச்சு. அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், விலையும் ஏறும்.

கிறிஸ்துநாயகம் பிறந்தது இடக்கைக்காரனாக. இடக்கையால் சோற்றில் கைவைத்தால் அம்மா பழந்துணியால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டுத்தான் அடுத்த அகப்பையைப் போடுவா. இடக்கையால் சிலுவை அடையாளம் போட்டதற்குக் கோயிலில் எல்லாரும் பார்க்கக் குட்டு வாங்கினான். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் போட்டார்கள். அவர்கள் ஒருவருக்கும் அவன்மேல் வெறுப்பில்லை. பிள்ளை நாளைக்கு நாலு பேருக்கு முன்னால் நற்கருணை அப்பம் வாங்கவேண்டும், பந்தியில் இருக்கவேண்டும், இடக்கையை நீட்டினால் அவமானம் என்ற ஒரே கவலைதான். முதல் நற்கருணை வாங்குவதற்குள் பையன் திருந்திவிட்டான். சாப்பிடுவது, எழுதுவது, கும்பிடுவது எல்லாம் வலக்கை. கல்லெறிவது மட்டும் இடக்கை. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைக்காரர் காத்துக்கொண்டு நின்றார். றெஜினோல்ட் தம்பியை ஞாபகத்தில் ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு மழைக்காலத்தில் கூரையிலிருந்து பாம்பு பாயில் விழுந்ததே, அப்போது தடியைத் தூக்கியது எந்தக் கை? வலக்கையில் தடி இருப்பதுபோலத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தால் தடி இடக்கைக்கு மாறியது. இன்னும் யோசித்தால் தடியைத் தூக்கியதே தான்தானோ என்று இருந்தது. கூடப் பிறந்தவன். ஒரே பாயில் படுத்தவன். அவனைப் பயம் பிடித்தால் எந்தக் கை முன்னுக்கு வரும் என்று தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிழையான பக்கத்தில் உறையைக் கட்டி அனுப்பி, அந்த ஒரு விநாடியில் கை வெறும் இடுப்பைத் தடவினால்? சனிக்கிழமை காலையில் வருகிறேன், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரமாகவில்லை. மனைவி பியற்றிஸ் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். இடக்கை, வலக்கை, கொளுக்கி, அமெரிக்கா. அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"உறையை அனுப்பினீங்களெண்டா உங்கட தம்பி அங்கயே நிண்டிடுவார். டிக்கெட்டை அனுப்புங்கோ."

"டிக்கெட் அனுப்பினா வருவானே?"

"வரமாட்டார்."

"அப்ப உறையை அனுப்பாமல் விடுறதே?"

அவள் குழாயை மூடினாள். "எனக்குத் தெரியாதப்பா. என்னட்டைக் கேக்காதேங்கோ," என்றாள். றெஜினோல்ட்டுக்கு இப்போது முன்னையைவிடக் குழப்பம் கூடியது. உறை அனுப்பினால் நில் என்று சொன்னதாகிவிடும். அனுப்பாவிட்டால் பாண் பைக்குள் கைவிட்டுத் துழாவிச் சாகச் சொன்னதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பொருளை எந்தக் கடையிலும் விற்பதாகத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தான். மாமி எடுத்து, சுகம் விசாரித்து, தன் முழங்காலைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் தம்பியிடம் கொடுத்தா.

"தம்பி, நீ எந்தக் கையால எடுப்பாய்?"

"எதை?"

"அதைத்தான்."

கிறிஸ்துநாயகம் சிரித்தான். "இதென்ன விசர்க் கேள்வி அண்ணை. வலக்கைதான். சோறு தின்னுற கை, எழுதுற கை. பழக்கினவையும் வலக்கையிலதான் தந்தவை."

"அது அவையள் தந்தது. திடீரெண்டு ஆரும் கிட்ட வந்தா? யோசிக்க நேரமில்லாட்டி? எந்தக் கை போகும்?"

மாமி வீட்டு ரேடியோவில் சிங்களப் பாட்டொன்று மட்டும் தூரத்தில் கேட்டது. தம்பி போனடியை விட்டு எழும்பிப் போய்விட்டானோ என்று நினைத்து றெஜினோல்ட் "ஹலோ" என்றான்.

"நிக்கிறன் அண்ணை," என்றான் தம்பி. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன கிழமை சங்கத்தால வரேக்க ஒரு மோட்டச்சைக்கிள் பின்னால வந்து பக்கத்தில டக்கெண்டு நிண்டது. எங்கட சுப்பிரமணியம் மாஸ்டர். மண்ணெண்ணெய் எப்ப வருமெண்டு கேக்க வந்தவர். எனக்கு ஆளைத் தெரியேல்லை. பை தோளிலதான் கிடந்தது. கை அங்க போகேல்லை."

"எந்தக் கை?"

"ரெண்டுந்தான். ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நிண்டிட்டன். மாஸ்டர் பயந்துபோனார்."

சொல்லிவிட்டு அவன் மறுபடி சிரித்தான். அண்ணனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தவன்போலக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். றெஜினோல்ட்டுக்கு, வா என்று சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்று கத்த வேண்டும் என்று இருந்தது.

"வலக்கைக்கே வாங்குங்கோ அண்ணை," என்றான் தம்பி. "அதுதான் மலிவா இருக்கும்."

போனை வைத்துவிட்டு றெஜினோல்ட் குசினி வாசலுக்கு வந்தான். பியற்றிஸ் சட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்? எந்தக் கையாம்?"

அவன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தி, உள்ளங்கைகளை அவள் பக்கம் விரித்துக் காட்டினான். தெரியாது என்கிறானாக்கும் என்று நினைத்து அவள் சட்டிப் பக்கம் திரும்பினாள். கருவாட்டுத் துண்டுகளைப் போட்டாள். எண்ணெய் வெடிக்கிற சத்தத்தில் எதையோ கேட்டாள். பதில் வராததால் மறுபடி திரும்பினாள். அவன் அதே வாசலில், கைகளைக் கீழே விடாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தான்.