ஒன்பதாம் வகுப்புக்குள் வந்த ஏரி

கனகம் டீச்சர் வரைபடத்தைச் சுருட்டி முடிப்பதற்குள் ஒன்பதாம் வகுப்பில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் பெஞ்சுமேல் நின்று பைகளைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். சுருளைக் கயிற்றால் கட்டியதும் ஏரி வந்த வழியே காகிதத்துக்குள் திரும்பியது. கரும்பலகைக்குக் கீழே இரண்டு விரால் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தன. 1991 ஆடியில் விரால் கிலோ முப்பது ரூபாய். தலைமையாசிரியர் சீனிவாசன் வந்து, ஏரி மீனை ஊர் ஏலம் விடுவதற்கு முன்னால் யாரும் தொடக்கூடாது, வகுப்பறையில் பிடித்தாலும் அதேதான் என்று சொல்லி, வாளியில் போட்டு எடுத்துப்போனார்.

வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலிருந்த அந்த ஊரில் ஏரி இருந்ததைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. கனகம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், தாத்தன்மார் பிறப்பதற்கு முந்தைய ஊர் வரைபடத்தை மெல்லிய தாளில் பிரதி எடுத்து வந்திருந்தாள். மனப்பாடம் வேண்டாம், இதை யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது என்று அதையே கேளுங்கள் என்றாள். மதகு எங்கே என்று ஒரு பெண் விரல் வைத்துக் கேட்டாள், விரல் நனைந்தது. அதிலிருந்து விரித்தபோதெல்லாம் தண்ணீர்.

சங்கடம் என்னவென்றால், தூர்ந்துபோன அந்த ஏரிக்குள்தான் ஊரில் பாதிப்பேர் உழுதுகொண்டிருந்தார்கள். கனகத்தின் புருஷன் பாபுவின் ஒன்றரை ஏக்கரும் அங்கேதான். தொழிற்சாலைக்கு நிலம் தேடும் ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக இருந்தார்கள். ஏரி என்று தெரிந்தால் காரைத் திருப்பிவிடுவார்கள். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி ஊரே சீனிவாசனிடம் போய் நின்றது. பாடத்திட்டத்தில் ஏரி இல்லைதான், ஆனால் வரக்கூடாது என்றும் எழுதியிருக்கவில்லையே என்று அவர் கையை விரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாபு சுருளைக் கையில் எடுத்தான்.

"நமக்குன்னு கீறது அந்த நெலம் ஒண்ணுதான் கனகம்."

"தெரியும்ங்க. ஆனா ஏரி இருந்துச்சே."

"இருந்துச்சு. இப்ப இன்னாத்துக்கு வரணும்?"

அந்த நிலத்து வேர்க்கடலை தின்றுதான் ஒன்பதாவது படிக்கும் மகள் கவிப்பிரியா வளர்ந்தாள். பாபு சுருளை வெந்நீர் அடுப்பில் வைத்தான். அது ஈர விறகாகச் சீறி, வெகுநேரம் புகைந்து சாம்பலானது. அவள் தடுக்கவில்லை. அவன் தெருத்தெருவாகப் போய்ச் சேதி சொல்லிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை காலை பாபு கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு அதே கதி. மெட்ராஸ் கார்க்காரர்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள், குன்றத்தூர் பக்கம் விசாரிக்கலாம் என்று கிளம்பினார்கள். சனங்கள் கொஞ்ச நேரம் திட்டினார்கள். அப்புறம் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார்கள். யார் வீட்டு மீனை யார் ஏலம் கேட்பது என்று பஞ்சாயத்து கூடியது.

பாபு தண்ணீரிலேயே நின்றான்.

"என் கையாலதானே எரிச்சேன்?"

கனகம் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க எரிச்சது என்னோடதுங்க. வெள்ளிக்கெழமையே கிளாஸ்ல எல்லாரும் அதைப் பாத்து பென்சில்ல வரைஞ்சிட்டாங்க. ஏரிக்கு நீலம் அடிக்கிறதுதான் வீட்டுப்பாடம். நம்ம ஊர்ப் பசங்க திங்கக்கெழமை காலையிலதானே நோட்டையே தொறக்கும்."