இருபதாவது பாட்டு

பக்கவாட்டில் சாய்த்த சோபா பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வாசலில் மாட்டிக்கொள்ள, அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் அவளைக் கிடத்த இடம் வேண்டும். பதினொரு மணிக்கு வண்டி வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இப்போதே பத்தாகிவிட்டது.

"மாமா, நீங்க விடுங்க. இழுப்பு வந்துடப் போகுது," என்றாள் மச்சினி, இறந்தவளின் தங்கை. அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. அதட்டல் மட்டும் குறையவில்லை.

அவர் கையை எடுத்துக்கொண்டார். மச்சினியின் கணவனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு முக்கு முக்கி சோபாவை வெளியே கொண்டுபோனார்கள்.

அவர் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபத்தெட்டு வருஷமாக ராத்திரி ஷிப்ட், கூடவே ஆஸ்துமா. முதலில் போகப்போவது அவர்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசாமலே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவளோ தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டு யாரும் பார்த்ததில்லை. நேற்று சாயங்காலம் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவுக்குக்கூட விலாசம் தவறும்போல.

படுக்கையறையில் போய் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை கட்டில்மேல் இருந்தது. அவளுடைய செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன், விழும்போது காதிலிருந்த இயர்போன். போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் உறுமிக்கொண்டிருந்தது.

யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கும் என்று எடுத்தார். அதற்குப் பூட்டு இல்லை. எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு என்பாள்.

"தராசு, எங்க போனீங்க? எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சு. உங்க ஓட்டுதான் பாக்கி."

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு. பதினோரு மணிக்கு மூடிடுவேன். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது."

"மூணு வருஷமா சண்டை போட்டுட்டு ஓட்டுப்போடற அன்னிக்குக் காணோமே!"

தராசு யார் என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவருடைய மனைவிதான் தராசு.

மேலே மேலே தள்ளிப் படித்தார். ஒரு பாடகருக்கு முப்பத்தொரு ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. பாடகர் பாட வந்து நாற்பது வருஷமானதால் பாட்டுக் கம்பெனி இருபது பாட்டைப் பொறுக்கி ஒரு தொகுப்புப் போடுகிறது. பத்தொன்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்துவிட்டது. இருபதாவதை ரசிகர்கள் சொல்லலாம். ஊரே முணுமுணுக்கும் மழைப் பாட்டா, படம் வெளிவராமலே பெட்டிக்குள் செத்துப்போன படகுப் பாட்டா என்று இரண்டு கட்சி. சமமாக நின்றால் மழைப் பாட்டு. படகுக் கட்சிக்குத் தலைவி, இந்த வீட்டில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள்.

அவளுடைய குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைத் தொட்டார்.

"மழைப் பாட்டு நல்ல பாட்டுதான், யாரு இல்லன்னா? கல்யாண வீட்டு லட்டு மாதிரி. எல்லாருக்கும் ஒண்ணு கெடைக்கும். படகுப் பாட்டு அப்படியில்ல சார், தேடிப் போறவனுக்குத்தான்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. வீட்டில் 'ம்', 'சரி', 'சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா', அவ்வளவுதான். குழந்தை இல்லாத வீடு. அவர் காலையில் வந்து படுத்தால் மூன்று மணிவரை தூங்குவார். அதுவரை தையல் மிஷின் ஓடாது. பொத்தான், காஜா, ஓரம் என்று கைவேலைதான். குக்கர்கூட விசில் அடிக்காது. எங்க வீட்ல ஊசி விழுந்தா கேக்கும் என்று நிலையத்தில் பெருமையடித்திருக்கிறார். அந்த ஊசியை வைத்திருந்தவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டார். தன்னைப் பற்றி எங்காவது சொல்லியிருக்கிறாளா என்றுதான் தேடினார் என்பதை ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓரிடத்தில் இருந்தது. "இருங்க, அவர் தூங்கறார். மெல்லப் பேசறேன்." வேறெங்கும் அவர் இல்லை.

கண்களைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். 'நான் அவள் கணவன். இன்று காலை அவள் இறந்துவிட்டாள்.'

போன் அடங்கியது. இத்தனை நேரம் உறுமியது ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. பிறகு அழுகை, நம்ப முடியாமை, கும்பிடும் கைகள் எல்லாம் வந்தன. குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதினார்: "படகுப் பாட்டே சேரட்டும். தராசுக்கு நாம செய்யற மரியாதை. யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

ஒருவருக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மழைக் கட்சி. குரலாகவே அனுப்பியிருந்தார். நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு. இது பாட்டா, மலர்வளையமா? இரக்கப்பட்டுச் சேத்தா அந்தம்மா எந்திரிச்சு வந்து நம்மள நாலு கேள்வி கேப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் ஓட்டுப் போடட்டும். ஆனா பாட்டக் கேட்டுட்டுப் போடட்டும். சார், இந்த நேரத்துல இப்படிக் கேக்கறேன், மன்னிச்சுக்கங்க. ரெண்டாவது சரணத்துக்கு அப்பறம் புல்லாங்குழல் இருக்கா இல்லயா, அதையும் நீங்களே சொல்லிடுங்க. மூணு வருஷமா தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னாங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனுஷி, நல்ல மனுஷி என்றார்கள். அவளோடு சண்டை போட்டது இந்த ஒருவர்தான்.

குழல் சண்டையைத் தேடி எடுத்தார். அவள் குரல்:

"ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் கரையில நின்னு 'ஓ'ன்னு கூப்பிடறார் பாருங்க. அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல, தாளம் மட்டும். படகு போயிடுச்சு, யாரும் பதில் சொல்லல. கூப்பிட்டவன் அப்படியே நிக்கறான். அதுதான் சார் பாட்டு. எனக்கு அது போதும்."

கண்ணாடிக் கடைக்காரர்: "பதில் இல்லயா? புல்லாங்குழல் அழகா பதில் சொல்லுதேம்மா! காதுல என்ன பஞ்சா?"

"குழல் கேக்கறவங்க வேற எதையோ கேட்டிருக்காங்க. நான் ஆயிரம் தடவ கேட்டவ."

பத்தே முக்கால். கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம். மச்சினி கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்ட மாமா பேசிட்டு இருக்கீங்க?"

"உங்கக்கா சிநேகிதங்க."

"அக்காவுக்கா? அவளுக்கு ஏது சிநேகிதம்?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

இயர்போனின் சிக்கலை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். பாட்டைப் போட்டார். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்; பம்ப் சத்தம் மாறினால் உடனே தெரியும், ராகம் மாறினால் தெரியாது. ஆனாலும் கவனமாகக் கேட்டார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் முடிந்தது. பாடகர் கரையில் நின்று கூப்பிட்டார்.

வலது காதில் புல்லாங்குழல் பதில் சொன்னது.

சந்தேகமே இல்லை. தூரத்திலிருந்து நெருங்கி வந்து, இதோ இருக்கிறேன் என்பதுபோல இரண்டு தரம் வாசித்து அடங்கியது. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டார். இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

அதை நம்பத்தான் அவரால் முடியவில்லை. அவளுக்கா கேட்கவில்லை? நெஞ்சில் சளி இழுக்கத் தொடங்கும்போதே, அவர் விழிக்கும் முன்பே, மருந்தோடு கட்டில் பக்கத்தில் நிற்பவள். காலையில் அவர் மணியை அழுத்தியதே கிடையாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டே தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.

இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். இடது பக்கத்து ரப்பர் வெளுத்து, தேய்ந்து, ஓரம் பிளந்திருந்தது. வலது பக்கத்து ரப்பர் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே கறுப்பாகப் பளபளத்தது.

என்றோ ஒருநாள் சமையலறையில் பார்த்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒரு குமிழ் காதில், இன்னொன்று தோளில் தொங்க, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒரு பக்கம் வேலை செய்யலயா? புதுசு வாங்கித் தரேன்," என்று அவர் கேட்டார். "வேணாம், இதுவே போதும்," என்றாள். மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்தார். சொன்னபடி வாங்கித் தரவும் இல்லை.

வலது காதை அவருக்கு விட்டு வைத்திருந்தாள்.

அந்தப் புதுக் கறுப்பு ரப்பரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மருந்து தலைமாட்டில் இருந்தது. தானே எட்டி எடுத்து உறிஞ்சிக்கொண்டார்.

போன் உறுமியது. "சார், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. அவசரமில்ல, உங்களால முடிஞ்சா மட்டும்," என்று தபால்காரர்.

இடது குமிழை மட்டும் காதில் வைத்தார். வலதைத் தோளில் தொங்கவிட்டார். இரண்டாவது சரணத்திலிருந்து போட்டார். பாடகர் கூப்பிட்டார். தாளம் தட்டிக்கொண்டே இருந்தது. வேறு யாரும் வரவில்லை. கூப்பிட்டவன் நின்றுகொண்டே இருந்தான்.

ஒரு விரலால் தட்டினார். 'கேட்டேன். படகுப் பாட்டு.'

கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி தட்டினார்.

'புல்லாங்குழல் இல்லை.'

பாட்டை நிறுத்தவில்லை. இடது காதில் மூன்றாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. வலது காதில் தெருமுனையில் ஒரு வண்டி வேகம் குறைந்து திரும்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் இன்னும் யாருக்கும் கேட்டிருக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து அவர்களுக்கு நடுவே நடந்துபோய், மணி அடிக்கும் முன்பே வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தார்.